இரண்டு விரல் தளர்வு

என் மச்சினிக்கு எங்கள் குடும்பம் வைத்திருக்கும் பேர் நிதானம். மெச்சி வைத்த பேர் இல்லை. ஒரு தடவை எல்லோரும் ரயிலுக்குக் கிளம்பினோம். தெருமுனை வரை வந்தவள், வீட்டுப் பூட்டை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போனாள். பூட்டு பத்திரமாக இருந்தது, ரயில்தான் போய்விட்டது. அன்றைக்குப் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், வைத்த பேர் அது. என் மனைவியும் அதையே பிடித்துக்கொண்டாள். நானும் சும்மா இல்லை. மச்சினியைக் கிண்டல் செய்ய எனக்கு உரிமை இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கிறது?

நான் அவளுக்கு நேர் எதிர். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். தொழில் குஷன் வேலை. சோபாவுக்கும் நாற்காலிக்கும் கார் சீட்டுக்கும் ஃபோம் வைத்துத் துணி போட்டுத் தைப்பவன். இருபத்தாறு வருடமாக இதே கடை, இதே கத்தரிக்கோல். எதையும் மெத்தென்று ஆக்கிவிட்டால் உலகத்தில் பாதித் தொல்லை தீரும் என்பது என் கட்சி. இந்தக் கதையில் நான் செய்த காரியத்துக்கு அந்தக் கட்சிதான் காரணம், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவளுக்கு வாடகைத் தொழில். புல் வெட்டும் மெஷின், ஜெனரேட்டர், தண்ணீர் பம்பு, சிமெண்டு கலக்கும் உருளை எல்லாம் வைத்திருக்கிறாள். கேட்டவர்களுக்குக் கொண்டுபோய் இறக்கி, வேலை முடிந்ததும் போய் எடுத்து வருவாள். ஒரு பழைய வேன், அதன் பின்னால் கொக்கி போட்டு இழுக்கும் தட்டை டிரெய்லர். டிரெய்லர் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு சக்கரம், பலகைத் தளம், முன்பக்கம் மட்டும் முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்பு. பக்கவாட்டில் சுவரே கிடையாது. பதினோரு வருடமாக அதில் சாமான் ஏற்றுகிறாள். ஒரு திருகாணிகூட ரோட்டில் விழுந்ததில்லை என்பாள். அவள் கட்டி முடிப்பதற்குள் ரோடே எழுந்து போய்விடும், அப்புறம் எங்கே விழுவது என்பேன் நான்.

இனி அந்த நாள். என் மாமனார் நுரையீரல் கெட்டு ஆறு வாரமாக ஆஸ்பத்திரியில் இருந்தார். இனி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஆனால் இரண்டு நிபந்தனை. தலைப்பக்கம் ஏற்றி இறக்குகிற கட்டில் வேண்டும். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும் மெஷின் வேண்டும், அது ராப்பகலாக ஓட வேண்டும். ஆம்புலன்ஸ் நாலு மணிக்கு அவரை வீட்டில் கொண்டுவந்து விடும். ஆம்புலன்ஸில் இருக்கும் சிலிண்டர் ஆம்புலன்ஸோடு திரும்பிப் போய்விடும். அதற்குள் வீட்டில் கட்டில் மாட்டியிருக்க வேண்டும், மெஷின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

கட்டிலும் மெஷினும் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, நகரத்தில் ஒரு மருத்துவச் சாமான் வாடகைக் கடையில் இருந்தன. கடைக்காரர் கொண்டுவந்து தருவதாகத்தான் முதலில் சொன்னார். காலையில் போன் செய்து, வண்டி படுத்துவிட்டது, நாளைக்குத்தான் முடியும் என்றார். ஆஸ்பத்திரியிலோ மாமனாருடைய படுக்கையை வேறு ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டது. மச்சான் இங்கும் அங்கும் நடந்தார், என் மனைவி அழ ஆரம்பித்தாள். நிதானம் மட்டும் வேன் சாவியை எடுத்துக்கொண்டு, "நான் போய் எடுத்துட்டு வரேன். மாமா, நீங்களும் வாங்க, கட்டில் தூக்க ஆள் வேணும்" என்றாள்.

கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. கட்டில் பிரித்த நிலையில் இருந்தது. இரும்புச் சட்டம் இரண்டு பாதி, தலைமாட்டுப் பலகை, கால்மாட்டுப் பலகை, பக்கக் கம்பிகள், மெத்தை. மெஷின் வெள்ளை வெளேரென்று, தொடை உயரத்தில் சக்கரம் வைத்து நின்றது. ஒரு ஆள் தூக்கலாம், ஆனால் பெருமூச்சு விட்டுத்தான் தூக்க வேண்டும். அதோடு ஒரு சக்கர நாற்காலி, குழாய்கள் அடைத்த ஒரு அட்டைப் பெட்டி.

"மெஷின வேனுக்குள்ள வச்சிரலாமே" என்றேன்.

"உள்ள பூரா பெட்ரோல் வாடை, மாமா. புல்லு வெட்டுற மெஷின் மூணு நிக்குது. இது காத்த உள்ள இழுக்கிற சாமான். பெட்ரோல் பக்கத்துல வைக்கக் கூடாதுன்னு அவரு இப்பதான் சொன்னாரு."

"அப்ப நான் மடியில வச்சுக்கறேன்."

"வச்சுக்கோங்க. பிரேக் போட்டா அது முதல்ல உங்க மூக்கத்தான் விசாரிக்கும்."

அவள் வேலையைத் தொடங்கினாள். அவள் சாமான் ஏற்றுவதை அதுவரை நான் உருப்படியாக நின்று பார்த்ததே இல்லை. பார்த்த நேரமெல்லாம் கடிகாரத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

முதலில் சாமானையே தொடவில்லை. காலி டிரெய்லரைச் சுற்றி வந்தாள். டயரை அழுத்திப் பார்த்தாள். வேனின் கொக்கியில் டிரெய்லர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் பூட்டைத் தட்டினாள், கீழே இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்கும் மறுக்குமாக மாட்டினாள். தளத்தில் கிடந்த மணலைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளினாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. "நாலு மணிக்கு அங்க நிக்கணும், நீ என்னம்மா வாசல் கூட்டிட்டு இருக்க?" என்றேன். "மணல் இருந்தா வழுக்கும், மாமா" என்று சொல்லிவிட்டுக் கூட்டி முடித்தாள்.

பிறகு இரும்புச் சட்டங்கள். அவற்றைச் சக்கரத்துக்கு நேர் மேலே, கொஞ்சம் முன்னால் தள்ளிப் படுக்க வைத்தாள். கனம் பின்னால் போனால் டிரெய்லர் வாலை ஆட்டும், ஆட ஆரம்பித்தால் வேனையும் சேர்த்து ஆட்டும் என்றாள். சட்டத்தை வைத்துவிட்டுக் கொக்கியில் எவ்வளவு கனம் விழுகிறது என்று குனிந்து பார்த்தாள், நாலு விரற்கடை முன்னால் நகர்த்தினாள், மறுபடி குனிந்து பார்த்தாள். மெஷினை முன் தடுப்புக்கு முதுகு கொடுத்து நிமிர்த்தி நிறுத்தினாள். சாயக்கூடாது, சாய்ந்தால் உள்ளே இருப்பது கெட்டுப்போகலாம் என்று கடைக்காரர் இரண்டு தரம் சொல்லியிருந்தார். அதைக் கம்பளியால் சுற்றினாள். மெத்தை, பலகைகள், மடக்கிய நாற்காலி ஒன்றையொன்று அணைத்தபடி உட்கார்ந்தன. குழாய்ப் பெட்டியை இன்னொரு மூடி போட்ட பெட்டிக்குள் வைத்து, அதைச் சட்டத்தின் இடுக்கில் செருகினாள். சின்னச் சாமான்தான் முதலில் பறக்கும் என்றாள். மொத்தத்தில் எங்கும் ஒரு பொந்து இல்லை. நான் கடையில் ஒரு சோபாவுக்குள் ஃபோம் வெட்டி அடைக்கும்போது இப்படித்தான் அடைப்பேன். மனசுக்குள் ஒரு சபாஷ் போட்டேன், வாய்விட்டுச் சொல்லவில்லை.

கடைசியில் பெல்ட். அவளிடம் இருப்பது பல்சக்கரப் பிடி வைத்த பட்டை பெல்ட்டுகள். இரண்டு முனையிலும் கொக்கி, நடுவில் இருக்கும் பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் கடகடவென்று இறுகும். பெல்ட் விளிம்பில் படுகிற இடத்திலெல்லாம் பழைய டயரில் வெட்டிய ரப்பர் துண்டுகளை வைத்தாள். பெல்ட்டுகளைத் தளர்வாக மாட்டிவிட்டு, கடைக்காரரிடம் கையெழுத்துப் போட உள்ளே போனாள்.

அந்த ரப்பர் துண்டுகளைப் பார்த்தேன். கறுப்பாக, கடினமாக, ஓரமெல்லாம் பிசிறாக இருந்தன. அதற்குக் கீழே ஒரு கம்பளி, அதற்குக் கீழே அந்த வெள்ளை மெஷின். பெல்ட்டை இறுக்கினால் கீறல் விழும், பிளாஸ்டிக் நெளியும் என்று எனக்குப் பட்டது. என் மாமனார் மூச்சு விடப்போகிற மெஷின் அது. என் பையில் காலையில் வெட்டிய ஃபோம் துண்டுகள் இருந்தன, ஒவ்வொன்றும் மூன்று விரல் கனம், நல்ல சரக்கு. கம்பளியைத் தூக்கி, பெல்ட் போகும் இடங்களில் உள்ளே நாலு துண்டு செருகினேன். கட்டில் சட்டத்தின் மூலைகளிலும் ரப்பருக்கு அடியில் இரண்டு வைத்தேன். மேலே இழுத்து மூடிவிட்டேன், வெளியே ஒன்றும் தெரியவில்லை.

அவள் வந்து இறுக்கினாள். இறுக்கும்போது அவள் பேசமாட்டாள், யாரையும் பேசவும் விடமாட்டாள். ஒவ்வொரு பெல்ட்டையும் இறுக்கி, விரலால் சுண்டி, அது எழுப்பும் சத்தத்தைக் கேட்டாள். மெஷின் மேல் போன பெல்ட்டில் மட்டும் ஒரு நொடி நின்றாள். "ரெண்டு பல்லு கூடப் போகுதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, தள்ளிப் பார்க்கச் சொன்னாள். நான் கட்டில் சட்டத்தில் தோளைக் கொடுத்து முக்கினேன். சட்டம் அசையவில்லை, டிரெய்லர் மொத்தமாக ஆடியது. அதுதான் அவளுக்குக் கணக்கு. சாமான் ஆடக்கூடாது, ஆடினால் வண்டியோடு சேர்ந்துதான் ஆட வேண்டும்.

ஏறி உட்காரும் முன் என்னைப் பார்த்துக் கேட்டாள். "நான் உள்ள போனப்ப யாராச்சும் கை வச்சீங்களா?"

யாரிடமும் இதைக் கேட்காமல் அவள் வண்டி எடுக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். கேட்டபோது மணி இரண்டு நாற்பது. ஆமாம் என்றால் எல்லாவற்றையும் அவிழ்ப்பாள், அவிழ்த்தால் அரை மணி நேரம் போகும். நான் வைத்ததோ நல்லதுக்கு வைத்தது. "நான் ஏம்மா கை வைக்கிறேன், கிளம்பு" என்றேன். இத்தனை வருடத்தில் அவளிடம் நான் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். சொன்னபோது அது பொய்யாகவே எனக்குத் தோன்றவில்லை.

பத்து நிமிஷம் ஓட்டியிருப்பாள். நகரம் முடிந்து ரோடு அகலமாகும் இடத்தில் ஓரமாக வண்டியை நிறுத்தினாள்.

"இப்ப என்ன?"

"முதல் பத்து நிமிஷத்துல எல்லாம் குலுங்கி அதது இடத்துல உக்காரும், மாமா. ஒரு தடவ பாத்துட்டா அப்புறம் கவலையில்ல."

"கட்டினப்பவே பாத்தியே. நான் வேற தள்ளிப் பாத்தேன். உனக்கு உன் கை மேலேயே நம்பிக்கை இல்லையா?"

"கை மேல இருக்கு. ரோட்டு மேலதான் இல்ல."

இறங்கிப் போனாள். பல்லைக் கடித்துக்கொண்டு நானும் இறங்கினேன். கட்டில் பெல்ட்டைச் சுண்டினாள். சத்தம் மந்தமாக வந்தது. மெஷின் பெல்ட்டுக்குப் போனாள். அதைச் சுண்டவே முடியவில்லை. இரண்டு விரலை அடியில் விட்டாள், விரல்கள் தாராளமாகப் போயின. கம்பளிக்குள் இருந்த மெஷின் ஒரு பக்கம் லேசாகத் திரும்பி, தடுப்பை விட்டு ஒரு கையகலம் விலகி நின்றது.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் ஊரையே கூட்டியிருப்பேன். அவள் கம்பளியை விலக்கினாள், ஃபோமைப் பார்த்தாள், விரலால் அமுக்கினாள். அது அமுங்கிவிட்டு மெல்ல எழுந்தது. முப்பது நாற்பது வருடம் உட்கார்ந்து எழுந்தாலும் இப்படி எழும் என்று சொல்லித்தான் நான் அதை விற்பேன்.

"எத்தன எடத்துல வச்சீங்க, மாமா?"

"ஆறு."

"கட்டில்லயும் இருக்கா?"

"ரெண்டு. கீறல் விழும்னு நினைச்சேன்மா. மெத்துன்னு இருந்தா நல்லதுதானேன்னு..."

"மெத்துன்னு இருந்தா அமுங்கும். அமுங்கினா பெல்ட்டு தொங்கும்" என்றாள். அதில் கோபம் இல்லை. ஒரு பஞ்சரான டயரைப் பற்றிச் சொல்வது மாதிரி சொன்னாள். "எல்லாத்தையும் அவுத்துக் கட்டணும். ஒண்ண ஒண்ணு தாங்கிட்டுத்தான் நிக்குது, ஒரு பெல்ட்ட மட்டும் இறுக்கி பிரயோஜனம் இல்ல."

மணி மூன்று. அவள் முதல் பெல்ட்டை அவிழ்த்தாள். லாரிகள் பக்கத்தில் போகும்போதெல்லாம் காற்று எங்களைத் தள்ளியது. என் போன் அடித்தது, மச்சான்தான். ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பத் தயாராகிவிட்டது, எங்கே இருக்கிறீர்கள் என்றார். "வந்துட்டே இருக்கோம், மச்சான்" என்றேன். நிதானம் தலை நிமிரவில்லை. மெஷினைத் தடுப்போடு ஒட்டி நிறுத்தினாள், உச்சியில் கையை வைத்து நேராக இருக்கிறதா என்று இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்தாள். கறுப்பு ரப்பரை வைத்தாள், இறுக்கினாள், சுண்டினாள். அடுத்ததற்குப் போனாள். என் போன் மறுபடி அடித்தது, என் மனைவி. அதை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த அரை மணியில் அவள் கையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பிடியைக்கூட அவசரமாக ஆட்டவில்லை. கடையில் எப்படிக் கட்டினாளோ, அதே வரிசை, அதே வேகம். அங்கே வரப்போவது அவளைப் பெற்ற அப்பா. பதறுவதற்கு என்னைவிட அவளுக்குத்தான் அதிகக் காரணம் இருந்தது. ஒரு பெல்ட்டையாவது விட்டுத்தொலை, கிளம்பு என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவள் பெல்ட்டின் மிச்ச நுனியைச் சுருட்டி, காற்றில் அடிக்காதபடி செருகிக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அவள் மேல் அப்போது வந்தது மரியாதை, வெட்கத்தோடு கூடிய மரியாதை.

"தள்ளிப் பாருங்க" என்றாள். தள்ளினேன். வண்டிதான் ஆடியது.

மறுபடி கிளம்பிக் கால் மணி நேரம் இருக்கும். எங்களுக்கு முன்னால் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. ஸ்டாப்பே இல்லாத இடத்தில், யாரோ கை காட்டினார்கள் என்று அது அப்படியே நின்றது. நிதானம் பிரேக்கை மிதித்தாள். டயர்கள் கீச்சென்று கத்தின, என் நெற்றி கண்ணாடியைத் தொடப் போய்த் திரும்பியது, வேனுக்குள் இருந்த புல் வெட்டும் மெஷின்கள்கூட அதது கட்டுக்குள் குலுங்கின. பஸ்ஸின் பின்பக்கம் எங்களுக்கு ஒரு முழம் முன்னால் இருந்தது.

நான் திரும்பிப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கம்பளிக்குள் மெஷின் அப்படியே நின்றது. கட்டில் சட்டம் வைத்த இடத்தில் இருந்தது. நாற்காலியின் சக்கரம்கூடத் திரும்பவில்லை. அவள் அவிழ்த்துக் கட்டுவதற்கு முன் இந்த பிரேக் விழுந்திருந்தால், மெஷின் நடுரோட்டில் கிடந்திருக்கும், இல்லையென்றால் வேனின் முதுகில் மோதி நொறுங்கியிருக்கும். அவள் பஸ்ஸுக்குப் பின்னால் பொறுமையாக நின்று, அது நகர்ந்ததும் நகர்ந்தாள்.

வீட்டுக்குப் போனபோது மணி நாலு இருபத்தைந்து. ஆம்புலன்ஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தது. பின்கதவு திறந்திருக்க, உள்ளே மாமனார் மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். ஆம்புலன்ஸ்காரர் சிலிண்டர் முள்ளைக் காட்டி, இன்னும் அரை மணி தாங்கும், அடுத்த ஆளைக் கூட்டிவரப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் மனைவி அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். மச்சான் கேட்டுக்கு வெளியே நடுத்தெருவில் நின்றிருந்தார்.

"உன்ன நம்பி அனுப்பினேன் பாரு, என்னச் சொல்லணும்" என்று அவளைப் பார்த்துத் தொடங்கினார். "அப்பா மூச்சுக்குத் தவிச்சிட்டு இருக்காரு. நீ அங்க கயித்த இறுக்கி இறுக்கிப் பாத்துட்டு இருந்தியா? இன்னைக்குமா உன் நிதானம்?"

"இன்னைக்காவது கொஞ்சம் வெரசா வந்திருக்கக் கூடாதாடி?" என்றாள் என் மனைவி.

நிதானம் பெல்ட்டை அவிழ்த்தபடியே, "வழியில நிக்க வேண்டியதாயிடுச்சு" என்றாள். அவ்வளவுதான். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கால்மாட்டுப் பலகையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, முகத்தை அதற்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனேன்.

பத்து நிமிஷத்தில் கட்டிலை மாட்டினோம். ஏற்றும்போதே எதை எப்படி இறக்குவது என்று யோசித்து அடுக்கியிருந்தாள் போல. ஒரு சாமானைத் தேடி இன்னொன்றைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை. மெஷினைச் சுவரோரம் நிறுத்தி மின்சாரம் கொடுத்தாள். ஒரு சின்னக் கூவல், பிறகு சீரான உறுமல். பச்சை விளக்கு எரிந்தது. ஐந்து நிமிஷம் ஓடட்டும் என்றார் ஆம்புலன்ஸ்காரர். ஓடியதும் மாமனாரைத் தூக்கிவந்து கட்டிலில் கிடத்தினோம், ஆம்புலன்ஸ்காரர் சிலிண்டர் குழாயை எடுத்துவிட்டு மெஷின் குழாயை மாட்டினார். தலைப்பக்கத்தை ஏற்றினோம். மாமனாருடைய தோள்கள் ஏறி இறங்குவது மெல்ல அடங்கியது, உதட்டுக்கு நிறம் வந்தது. என் மனைவி அப்போதுதான் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

ஆம்புலன்ஸ் போய்விட்டது. மச்சானின் கோபம் போகவில்லை. "அஞ்சு நிமிஷம் முன்ன பின்ன ஆகியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுப் பாத்தியா?" என்று மறுபடி ஆரம்பித்தார்.

மாமனார் கையைத் தூக்கினார். மூச்சு எடுத்து எடுத்துப் பேசினார். "அவள ஒண்ணும் சொல்லாத. காரணமில்லாம... அவ எங்கயும் நிக்க மாட்டா." பிறகு மகளைப் பார்த்து, "என்னம்மா ஆச்சு?" என்றார்.

"டிராஃபிக்பா" என்றாள் அவள்.

இந்த ஒரு வார்த்தையை என்னால் தாங்க முடியவில்லை. பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறவள். கட்டிய கட்டைப் பற்றி யாரிடமும் ஒரு பொய் சொல்லாதவள். எனக்காக, படுத்திருக்கிற அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லிவிட்டு நிற்கிறாள்.

"டிராஃபிக் இல்ல, மாமா" என்றேன் மாமனாரிடம். "நான்தான். பெல்ட்டுக்கு அடியில ஃபோம் வச்சேன், அவளுக்குத் தெரியாம. கை வச்சீங்களான்னு கேட்டா, இல்லன்னு சொன்னேன். அது அமுங்கி, மெஷின் விழப் பாத்துச்சு. அவ நிறுத்திப் பாத்ததுனாலதான் அது இங்க வந்து ஓடுது. வழியில ஒரு பஸ்சுக்காரன் வேற பிரேக் போட்டான். எங்க ரெண்டு பேருக்கும் மூச்சு நின்னுடுச்சு, அவ கட்டினது மட்டும் இம்மி அசையல. போன்ல வந்துட்டே இருக்கோம்னு சொன்னதும் நான்தான். திட்டறதுன்னா என்னத் திட்டுங்க."

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. மச்சான் தங்கையிடம், "மத்தியானம் சாப்ட்டியா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் மன்னிப்பு அப்படித்தான் கேட்கப்படும். அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவர் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினார். என் மனைவி எழுந்து அவர் பின்னால் ஓடினாள், அவர் எதைக் கொட்டிவிடுவாரோ என்று.

மாமனார் கண்ணை மூடிக்கொண்டு தூங்கத் தொடங்கினார். நிதானம் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மெஷினையும் அவருடைய மார்பு ஏறி இறங்குவதையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் கிடந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். அது திறக்கவில்லை. மறுபடி திருகினாள். அப்புறம்தான் அவள் கைகளைக் கவனித்தேன். இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. பகல் முழுக்க ஒரு பல்சக்கரத்தில்கூடத் தடுமாறாத கைகள்.

பயமில்லாதவள், அதனால்தான் அவசரமில்லாதவள் என்று இத்தனை வருடம் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். எங்களில் யாரையும்விட அதிகமாகப் பயந்தவள் அவள்தான். அந்தப் பயத்தைப் பெல்ட் பெல்ட்டாக இறுக்கி, கடைசி சாமான் இறங்கும் வரை அசையவிடாமல் கொண்டுவந்திருக்கிறாள்.

பாட்டிலை என்னிடம் நீட்டினாள். "இத கொஞ்சம் தொறந்து குடுங்க, மாமா. எனக்கு முடியல."

திறந்து கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பாட்டில் காலியாகும் வரை குடித்தாள்.